வரிசையில் நின்ற கூடை

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடைக்காலம். இது நடந்தது மீனம்பாக்கம் விமான நிலையத்தில். அப்போது எங்கள் குடித்தனம் மண்ணூர்பேட்டையில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் மதில் சுவரை ஒட்டிய ஒரு சந்தில். அதுவரைக்கும் விமானத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தமெல்லாம், மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது அண்ணாந்து பார்ப்பது ஒன்றுதான். அதில் நான் ஏறுவேன், அதுவும் பணக்காரர்கள் உட்காருகிற முன்பக்கத்தில் உட்காருவேன் என்று எந்த ஜோசியக்காரனாவது சொல்லியிருந்தால், பாவம், பிழைப்புக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பேன்.

என் கணவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பம்பாயில் ஒரு தொழிற்சாலைக்கு பாய்லர் பொருத்துகிற வேலைக்காக அவரையும் கூட வேலை செய்பவர்கள் சிலரையும் அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் காலையில் கம்பெனி மேனேஜரே ஜீப்பில் எங்கள் சந்துக்கு வந்து நின்றார். அவர் இறங்கின தோரணையைப் பார்த்ததுமே ஏதோ கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, தலையிலும் அடி, நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது, நாளைக் காலையில் ஆபரேஷன், மனைவி பக்கத்தில் இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்கிறார் என்றார். "நல்லது" என்ற சொல்லை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ரயிலில் போனால் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அன்று மத்தியானம் கிளம்புகிற விமானத்தில் சாதா சீட்டு எல்லாம் தீர்ந்துபோய், முன்பக்கத்து பிசினஸ் கிளாஸில் ஒன்று மட்டும் இருந்ததாம், அதை விட்டால் மறுநாள்தானாம். முதலாளி அதையே எடுக்கச் சொல்லிவிட்டார். நான் அந்த வகுப்பில் போனதற்கு அதுதான் காரணம். வேறு பவிசு எதுவும் இல்லை.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதனாலோ என்னவோ, நான்கு பேர் கூடுகிற இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாது என்ற நினைப்பு எப்போதும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றாலும் பாதி வழியிலேயே எழுந்து நின்றுகொள்வேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அன்றைக்கும் இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் என் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள். "பூட்டு எங்கியும் போவாது. புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன். அங்க போய் அழுதுகினு நிக்காத, அந்தாளுக்குத் தெம்பு சொல்லு" என்றாள்.

பெட்டி எதுவும் எங்களிடம் இல்லை. நானே பின்னின ஒயர் கூடைதான், பச்சையும் வெள்ளையும். அதில் அவருடைய லுங்கி இரண்டு, பனியன், என் புடவைகள், ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறு, திருவேற்காட்டு அம்மன் குங்குமம்.

கம்பெனி ஆபீஸ் பையன் ஒருவன் விமான நிலையம் வரைக்கும் கூட வந்து, கவுண்ட்டரில் டிக்கெட்டைக் காட்டி அட்டை வாங்கிக் கொடுத்தான். "அக்கா, உனக்குத் தனி லைன். உன்னத்தான் மொதல்ல உள்ள உடுவாங்க. கயிறு கட்டிக்கிற எடத்துல போய் நின்னுக்க. இதுக்கு மேல என்ன உட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முதலில் விடுவார்கள் என்றால் எனக்கு என்ன புரியும்? முந்தினவர்களுக்கு இடம் உண்டு, பிந்தினவர்களுக்கு இல்லை என்றுதான் புரிந்தது. எங்கள் பஸ்ஸில் அப்படித்தானே. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டவனுக்கு சீட்டு, மற்றவனுக்குக் கம்பி. அட்டையில் ஏதோ எண்ணும் எழுத்தும் இருந்தன. பஸ் டிக்கெட்டில் நம்பர் போட்டிருக்கிற மாதிரி இதிலும் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். ஆகவே, சோதனை முடிந்து உள்ளே போனதும் நேராகக் கயிறு கட்டின இடத்துக்குப் போய் நின்றேன். வேறு ஒருவரும் இல்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் நான் ஒருத்தி மட்டும், கூடையும் கையுமாக, பூட்டியிருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு.

ஒலிபெருக்கியில் ஏதோ சொன்ன பிறகுதான் மற்றவர்கள் எழுந்து வந்தார்கள். வந்ததும் ஒரு அம்மாள், நல்ல பட்டுப் புடவை, தோளில் தோல் பை, என்னைப் பார்த்து, "இது பிசினஸ் கிளாஸ். உங்க லைன் அங்க இருக்கு பாருங்க" என்றார். அட்டையைக் காட்டினேன். அட்டையைப் பார்த்தார், என் ரப்பர் செருப்பைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் போய் நிற்கவில்லை, பக்கத்தில் நின்றார். கவனித்துப் பார்த்தால், அந்த வரிசையில் யாருமே யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. ஒருவர் ப்ரீஃப்கேஸைக் கீழே வைப்பார், அது ஒரு ஜாண் முன்னால் போயிருக்கும். பிறகு அவரும் அந்த ஒரு ஜாண் முன்னால் வருவார். இன்னொருவர் "எக்ஸ்க்யூஸ் மீ" என்பார். எங்கள் பஸ்ஸில் முழங்கையால் செய்வதை அவர்கள் அந்த வார்த்தையால் செய்தார்கள். எனக்கு நேர் பின்னால் நின்றவர் ஒருவர்தான் அசையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

மறுபடியும் ஒலிபெருக்கி. இன்னும் சற்று நேரம் ஆகும் என்று தமிழிலும் சொன்னார்கள். எனக்கோ காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அவஸ்தை. இனி முடியாது. அப்போதுதான் எங்கள் சந்தில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்.

எங்கள் சந்துக்கு அந்தக் கோடையில் தண்ணீர் லாரிதான் கதி. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வரிசையில் ஆள் நிற்காது, குடம் நிற்கும். குடத்தை வைத்துவிட்டு, பின்னால் குடம் வைத்திருப்பவளிடம் "இது எங்குடம், பாத்துக்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அந்த ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிறகு உன் குடத்துக்கு அவள் சாட்சி. லாரி வந்து வரிசை நகர்ந்தால், தன் குடத்தைத் தூக்குவதற்கு முன்னால் உன் குடத்தைத் தூக்கி முன்னால் வைப்பாள். எங்கள் சந்தில் ஓரகத்திகள் இருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் வருஷக்கணக்காக இருந்தார்கள். ஒருத்தி நிழல் இன்னொருத்தி மேல் படாது. அவர்கள்கூட ஒருத்தி குடத்தை ஒருத்தி நகர்த்தி வைப்பார்கள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு. இத்தனைக்கும் கடைசி ஆறேழு குடங்களுக்குத் தண்ணீர் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூடையை என் இடத்தில் வைத்துவிட்டு, தங்கக் கண்ணாடிக்காரரிடம் திரும்பினேன். "சார், இது என் எடம். பாத்ரூம் போய்ட்டு ஓடியாந்துர்றேன். கூடைய பாத்துக்குங்க" என்றேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், "ம்" என்று தலையை ஆட்டினார். என் கண்ணால் பார்த்தேன்.

ஓடினேன், ஓடி வந்தேன். வந்து பார்த்தால் என் இடத்தில் கூடை இல்லை. கண்ணாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார். கூடை சுவர் ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி இடம் விட்டு எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள். தொந்தி வைத்த ஒரு போலீஸ்காரர் லத்தியை நீட்டிக்கொண்டு, கிட்டே போகலாமா வேண்டாமா என்பது போல நின்றார்.

"யாரோட கூடை இது? கேக்கறேன்ல, யாரோடது?"

"என்துதான் சார்."

"உன்துன்னா உட்டுட்டு எங்கம்மா போன? ஏர்போர்ட்ல ஒரு கூடை அனாதியா நின்னா இன்னா அர்த்தம் தெரியுமா?"

"எடம் போட்டுட்டுப் போனேன் சார்."

"எடம் போட்டியா? இது இன்னா, சினிமா டென்ட் கொட்டாயா?"

வரிசையில் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. இருந்தாலும் சாட்சி இருக்கிற தைரியத்தில், "இந்த சார்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன், கேளுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. போலீஸ்காரரிடம்தான் பேசினார். "எங்கிட்டயா? இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. சொந்தக்காரங்க இல்லாம ஒரு கூடை இருந்தது, ரிப்போர்ட் பண்ணேன். அது என்னோட டியூட்டி."

நான் நிறையப் பொய் கேட்டிருக்கிறேன். கடன் வாங்கியவன் சொல்கிற பொய், குடித்துவிட்டு வருகிறவன் சொல்கிற பொய், அதெல்லாம் ஏதோ ஒரு பயத்தில் சொல்வது. இவருக்கு என்ன பயம்? ஆமாம், சொல்லிவிட்டுத்தான் போனார்கள் என்று ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? ஒரே ஒரு ஆள் பின்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கூடையை ஒரு மேசைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார் போலீஸ்காரர். எடுத்து வைத்தேன். அத்தனை பேர் பார்க்க, என் கணவரின் லுங்கி, ஓட்டை விழுந்த பனியன், என் உள்பாவாடை. சோற்று டப்பாவைத் திறந்து காட்டினேன். பட்டுப் புடவை அம்மாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழச் சோறு அப்படியா நாறும்?

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. பிசினஸ் கிளாஸ் பயணிகள் முதலில் வரலாம் என்றார்கள்.

"சார், கூப்டறாங்க சார்."

"இருமா. இன்ஸ்பெக்டர் வரணும், எழுதி வாங்கணும். இது போனா இன்னொரு பிளேன்ல போ."

"இன்னொண்ணு நாளைக்குத்தான் சார். காலைல அவருக்கு ஆபரேஷன். சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு. நெனவு இல்லாம கீறாரு சார்."

அழக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். அழுதுவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன், சத்தமாகத்தான் அழுதேன். வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். ஒருவர் திரும்பினார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் பேப்பரை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "எந்த ஊரு நீ?" என்றார்.

"மண்ணூர்பேட்டை."

"தண்ணி லாரிக்குக் கொடம் வெக்கிற மாரி வெச்சிட்டுப் போய்க்கிற. அதான?"

"ஆமா சார்."

"எங்க ஊட்லயும் இதே கதைதான். ஆவடில" என்று முணுமுணுத்தவர், காலிக் கூடையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வெள்ளை ஒயரில் கறுப்பாக, அகலமாக ஒரு தீற்று. ஷூ பாலிஷ். அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கதவருகே முதல் ஆளாக நின்ற கண்ணாடிக்காரரின் காலைப் பார்த்தார்.

"சார், ஒரு நிமிசம். கூடை மொதல்ல எங்க இருந்துச்சு?"

"இங்கதான். வழியில."

"அப்பறம் செவுத்தாண்ட எப்படிப் போச்சு?"

"கொஞ்சம் நகர்த்தினேன். எல்லாருக்கும் இடைஞ்சலா இருந்தது."

"கையாலயா சார், காலாலயா?"

அவர் ஷூவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"குண்டுன்னு சந்தேகப்பட்டவரு காலால தள்ளுவாரா சார்? யூனிபாரம் போட்ட எனக்கே கிட்ட வரத் தொடை நடுங்கிச்சு. உங்களுக்கு மட்டும் அது கூடைன்னு தெரிஞ்சிக்கீது."

அந்தப் பக்கம் சாதா வரிசையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் காது வரைக்கும் சிவந்துபோனார். ஆனால் அப்போதும் அவர் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அதற்குள் அட்டையைக் கிழித்து உள்ளே விட ஆரம்பித்தார்கள். விறுவிறுவென்று முதல் ஆளாக உள்ளே போய்விட்டார். அவருக்குப் பின்னால் பட்டுப் புடவை, அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

"எடுத்து வைம்மா, சீக்கிரம். இனிமே எங்கியும் இப்டி வெக்காத. இங்கலாம் கொடத்துக்கு மரியாதி கெடையாது" என்றார் போலீஸ்காரர். அவரே லுங்கியை மடித்துக் கூடைக்குள் வைத்தார். நான் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி அடுத்த ஆளின் பையை வாங்கிச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வகுப்பில் கடைசி ஆளாக நான் ஓடினேன். இடம் போயிருக்கும், பம்பாய் வரைக்கும் நின்றுகொண்டாவது போய்விடலாம், நிற்க விடுவார்களா மாட்டார்களா, விடாவிட்டால் காலில் விழலாமா, இதுதான் ஏணியில் ஏறும்வரை என் மனதில் ஓடியது. சிரிக்காதீர்கள். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

உள்ளே நின்ற பெண் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாக ஒரு ஜன்னலோர சீட்டைக் காட்டினாள். காலியாக இருந்தது. எனக்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்து சீட்டில், முதல் ஆளாக ஓடிவந்த தங்கக் கண்ணாடிக்காரர் பெல்ட்டெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போக அவர் எழுந்திருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றினார், பேப்பரை எடுத்தார், எழுந்து நின்றார். கடைசியாக வந்த எனக்கு முதலாக வந்தவர் எழுந்து வழிவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் தலைக்கு மேலே பார்த்தேன். எண்ணும் எழுத்தும். என் அட்டையிலும் அதே எண், அதே எழுத்து. அப்படியென்றால் இந்த இடம் காலையிலிருந்தே எனக்குத்தான். பாத்ரூமில் எவ்வளவு நேரம் இருந்திருந்தாலும் எனக்குத்தான். அவர் இடம் அவருக்குத்தான். பட்டுப் புடவை அம்மாள் இடம் அவருக்குத்தான்.

பயம் போன இடத்தில் அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதிரி ஒரு கோபம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. எனக்குத் தெரியாது, நான் முந்தினேன். இவர்களுக்குத் தெரியுமே. நூறு முறை ஏறி இறங்கியவர்களுக்கு, கடைசியில் வந்தாலும் இடம் இருக்கும் என்று தெரியுமே. தெரிந்துகொண்டேதானா ஒரு கூடையை உதைத்துத் தள்ளி, ஒரு பொய்யைச் சொல்லி, ஒருத்தியைப் போலீஸில் நிறுத்திவிட்டு வந்தார்? எதற்காக? எங்கள் சந்தில் ஒரு குடம் பிந்தினால் அன்றைக்கு அந்த வீட்டில் உலை வைக்கத் தண்ணீர் இருக்காது. அங்கே ஒருத்தி முந்தினால்கூட அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே முந்தி என்ன கிடைத்தது?

நான் யாரையும் எதிர்த்துப் பேசினவள் இல்லை. ரேஷன் கடைக்காரன் எடையில் அடித்தால்கூட வீட்டுக்கு வந்துதான் திட்டுவேன். அன்றைக்கு மட்டும் கேட்டுவிட்டேன்.

"சார், எல்லாருக்கும் நம்பர் போட்டு சீட்டு கீது. அப்பறம் எதுக்கு சார் என் கூடைய ஒதைச்சீங்க?"

அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பம்பாய் போய்ச் சேரும் வரைக்கும் அவர் பக்கத்தைத் திருப்பவேயில்லை. அவ்வளவு நேரம் அந்த ஒரு பக்கத்தில் என்ன படித்தார் என்று தெரியவில்லை.

பம்பாயில் விமானம் ஓடி நிற்பதற்குள்ளாகவே முன்பக்கத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மேலே தலை இடிக்கிறது என்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, கையில் பெட்டியோடு, திறக்காத கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவசரம் உள்ளவள் அங்கே நான் ஒருத்திதான். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். "அம்மா, நீங்க முதல்ல போங்க" என்று ஒரு குரல் வரவில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். மடியில் கூடை. அந்தக் கறுப்புத் தீற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை.

வெளியே, கணவரோடு வேலைக்குப் போயிருந்த ஒருவர் டாக்ஸியோடு காத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கணவர் தலையெல்லாம் கட்டோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்துக் கண்ணை மூடினார், திறந்தார். நினைவு இருக்கிறதா இல்லையா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது, அவர் பார்வை கட்டிலடியில் நான் வைத்த கூடைக்குப் போனது.

"கூடைல இன்னா கரி?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகையைச் சொல்லி முடியாது. ஒயரில் ஒட்டின கறுப்பைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு மூளை வேலை செய்கிறதே, அது போதும் என்று இருந்தது. "ஒண்ணுமில்ல, வர வழியில பட்டுச்சு" என்றேன்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பல மாதங்கள் படுக்கையில் இருந்துதான் எழுந்தார். ஒரு காலை இழுத்து நடப்பார், ஆனால் நடந்தார். நடந்ததையெல்லாம் அதற்குப் பிறகுதான் அவரிடம் சொன்னேன். "ஜன்னலாண்ட உக்காந்தியே, அடிக்கடி பாத்ரூம் போறேன்னு சொல்லி அந்தாள எழுப்பிகினே இருக்க வேண்டியதுதான?" என்று சிரித்தார். அந்த யோசனை எனக்கு அப்போது வராமல் போய்விட்டது.

அவரை அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பின மறுநாளே எங்கள் சந்தில் லாரி வந்தது. நான் குடம் வைத்த இடத்தில் இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தூரத்திலிருந்து பார்த்தேன். பேச்சுவார்த்தை இல்லாத அந்த ஓரகத்திகளில் ஒருத்தி, என் குடத்தைக் கையால் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் தன் குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமே நடக்காத மாதிரி அவள் பாட்டுக்கு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

கூடையின் கறை சோப்புப் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது. கோபம் போகவில்லை, போக வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. இன்றைக்கும் பால் பூத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, எந்த வரிசையிலாவது ஆளில்லாமல் ஒரு பை நின்றால், அதைக் கையால் தூக்கி எனக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் நான் ஓர் அடி நகர்கிறேன். அதை வைத்துவிட்டுப் போனவருக்கு எங்கே யார் படுத்துக் கிடக்கிறார்களோ, வரிசையில் நிற்கிற எனக்கு அது எப்படித் தெரியும்?